பூஞ்சணப் பாத்தி

கொறற்றி: …மூக்கப் பொத்தாதீங்க சார். எஞ்சினியர் நீங்க. நாலு வருசமா இந்த நாத்தத்துக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க?

இராஜரத்தினம்: சத்தம் போடாதையும் பிள்ளை! கேற்றில ஆக்கள் நிக்கிறாங்கள்.

கொறற்றி: பொல்லு, பெட்ரோல் கேன் எல்லாத்தோடயும் நிக்கிறாங்க. கண்டி டவுன்ல நம்ம கடைங்கள எரிச்சு முடிச்சாச்சு. இப்ப கக்கூசுத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துக்கும் தமிழனத் தேடி வந்துட்டாங்க. நமக்கும் ஒரு மரியாத!

இராஜரத்தினம்: எழுபத்தேழுக் கலவரத்திலயும் இங்க வரேல்லையெண்டுதானே சொன்னவை…

கொறற்றி: "அடிச்சாலும் தேயிலைத் தோட்டத்து ஆக்களுக்குத்தான் அடிப்பாங்கள்"னு காலைல சொன்னீங்களே? போய் யாழ்ப்பாணம்னு சொல்லிப் பாருங்க. கதிரை போட்டு ஒக்கார வைப்பாங்க.

இராஜரத்தினம்: ஐயோ, பகிடியை விடும். வெளிய போக வழி இருக்கோ?

கொறற்றி: பின் வேலில ஒரு ஓட்டை இருக்கு. அந்தப் பக்கம் ஃபாதர் பங்களா. கதவத் தொறந்து வச்சிட்டு நிக்கிறாரு.

இராஜரத்தினம்: அப்ப வரம்பால ஓடுவம்!

கொறற்றி: வரம்புல போனா கேட்ல நிக்கிறவனுக்கு நல்லாத் தெரியும். கொட்டகை மறைவுல ரெண்டு பாத்திதான் இருக்கு. ரெண்டுலயும் இடுப்பு மட்டத்துக்குச் சேறு ஊத்திக் காயப்போட்டது. ஒண்ணு, சேறு இறுகட்டும்னு நீங்க சீமைப் பவுடர் போட்டது. இன்னொண்ணு, பழைய பாண் ரொட்டில நான் வளத்த பூஞ்சணத்த விட்டது. எதுல போவோம்?

இராஜரத்தினம்: உம்மடதில.

கொறற்றி: அடேங்கப்பா… யோசிக்கக்கூட இல்லையே!

இராஜரத்தினம்: இப்ப அது தேவையோ?

கொறற்றி: பூஞ்சணம் நூல் நூலாப் படர்ந்து சேத்தக் கட்டியாச் சேத்துப் புடிக்கும், தண்ணி தானா அடியில வடிஞ்சிரும்னு மீட்டிங்ல சொன்னேன். நீங்க என்னா சொன்னீங்க?

இராஜரத்தினம்: மீற்றிங்கில ஆயிரம் கதைப்பம்…

கொறற்றி: "அது பாத்தி இல்லை, தண்ணிச் சொதி. காகம் குந்தினாலும் தாழும்"னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த மாசத்தோட என் வேல போகுது. பவுடர் கம்பனி ஒங்கள லண்டன் கூட்டிட்டுப் போகுது.

இராஜரத்தினம்: பிள்ளை, கேற்றை உடைக்கிறாங்கள்!

கொறற்றி: கேக்குது. பவுடர் பாத்தில எறங்குங்க. லண்டன் சாமான், ஒரு மனுசனத் தாங்காதா?

இராஜரத்தினம்: தாங்காது! மேலதான் காஞ்ச ஆடை. கீழ அப்பிடியே தண்ணி.

கொறற்றி: என்னுது?

இராஜரத்தினம்: தாங்கும். விலகும், நான் போக…

கொறற்றி: தாங்கும்னு எப்படித் தெரியும்?

இராஜரத்தினம்: …தெரியும்.

கொறற்றி: சொன்னாத்தான் வழி விடுவேன்.

இராஜரத்தினம்: மீற்றிங்குக்கு முதல் நாள் நடந்து பாத்தனான்! இந்தச் சப்பாத்தோடதான். நடுவில நிண்டு குதிச்சும் பாத்தனான்… அசையேல்லை. போதுமே?

கொறற்றி: நீங்க நடந்தது அன்னைக்கே தெரியும் சார். நான் சொன்னா எவன் நம்புவான்? ஒங்க சப்பாத்துத் தடம் இன்னும் அப்படியே காஞ்சு கெடக்கு. அது மேலயே கால வச்சு ஓடுங்க, நான் பின்னால வர்றேன்.