நாற்பத்தி மூணாவது கார்டு

— நாலு வருஷம் கழிச்சு என் பட்டறையைத் தேடி வந்து, இந்தக் கார்டைக் காட்டத்தான் வந்தேங்கிறியாக்கா?

— கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பாருடா. எங்க ஆபீஸ்ல செஞ்ச புது பேங்க் கார்டு. பின்னாடி கறுப்புப் பட்டை இருக்குல்ல, ஒவ்வொரு தடவை தேய்ச்சதும் அதுல இருக்கிற நம்பர் தானா மாறிடும். எவனாவது நகல் எடுத்தாலும் அவன்கிட்ட இருக்கிறது செத்த நம்பர்.

— பச்சோந்தின்னு சொல்லு. இதை எதுக்கு ஒரு பைக் மெக்கானிக்குக்கு விளக்குறே?

— பிடிபட்ட ஒரு கும்பல் நகல் எடுத்த ஐம்பது கார்டோட விவரத்தைப் போலீஸ் எங்களுக்குக் குடுத்தாங்க. புதுக் கார்டா இருந்திருந்தா தப்பிச்சிருக்குமான்னு ஒண்ணொண்ணா சோதிக்கணும். நாற்பத்தி மூணாவது... என்னோட பழைய கார்டுடா.

— என்னது?

— மருந்துக்கடை மெஷின்ல தேய்ச்சப்போ பட்டையை நகல் எடுத்திருக்கானுங்க. என் கல்யாணத்துக்குச் சேத்த பணம் அப்படித்தான் போயிருக்கு. நீ எடுக்கலடா!

— அது எனக்குத் தெரியாதாக்கும்!

— சிரிக்காதேடா. எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன்னேன். இந்த வாயில சூடு வைக்கணும்.

— விடுக்கா. பழசைக் கிளறாதே.

— ஜன்னலை உடைச்சுட்டு, காத்துதான் உடைச்சதுன்னு சாதிச்சவன்டா நீ. அன்னைக்கு மட்டும் ஏன் ‘நான்தான் எடுத்தேன்’னு தலையைக் குனிஞ்சே?

— எனக்கு வேலை கிடக்கு. கிளம்பு.

— சொல்லாம நகரமாட்டேன். கடைசியா படுக்கையில கிடந்து, அப்பா ‘பையன் வந்தானா, பையன் வந்தானா’ன்னு கேட்டுக்கிட்டேதான் உசுரை விட்டாரு. நீ எட்டிக்கூடப் பாக்கல. கோவம்னா என்மேல காட்டியிருக்கலாமே. அந்த மனுஷன் என்னடா பண்ணினாரு?

— மருந்துக்கடைக்குக் கார்டை எடுத்துட்டுப் போனது யாருக்கா?

— அப்பாதான். மாத்திரை வாங்க நான்தான் குடுத்தனுப்பினேன்.

— நீயா குடுத்தே?

— ஆமாடா. ஏன், என்ன ஆச்சு?

— அவர் சட்டைப்பையில உன் கார்டைப் பாத்தேன்க்கா. அடுத்த நாளே பணம் போச்சுன்னு நீ கத்தினே. அவர்தான் எடுத்துட்டாருன்னு நெனச்சு, இந்த வயசுல அவருக்குத் தலைகுனிவு வேண்டாம்னுதான் நான் எடுத்தேன்னேன்.

— அடப்பாவி... ஒரு வார்த்தை அவர்கிட்டக் கேட்டிருக்கலாமேடா.

— பெத்த பிள்ளை தனக்காகப் பழி சுமக்கிறதைப் பாத்துட்டும் வாயை மூடிட்டு இருக்காரே, இவரெல்லாம் ஒரு அப்பனான்னு நெனச்சுத்தான்க்கா நான் கொள்ளி வைக்கக்கூட வரல.