கேஸ் இல்லாத குளிர்

— பின்ன என்னட்டி? கேஸ் கிடையாது, கம்பிரசர் கிடையாது. அத குளிர்பெட்டின்னு மடியில தூக்கி வச்சிருக்க.

— வண்டிய பாத்து ஓட்டுங்க. பெட்டி நனையுது.

— மேலகரம் தாண்டுனா சாரல் நின்னுரும். ஃபிரிட்ஜ் டாக்டர் மணிகண்டபிரபுன்னு தென்காசியில கேட்டுப் பாரு. பதினெட்டு வருசமா கேஸ் அடிக்கேன். எம்பொண்டாட்டி ஜெயசித்ரா என்னடான்னா, கம்பிய இழுத்து விட்டா குளுரும்னு அஞ்சு வருசமா கயிறு திரிக்கா.

— அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. இழுத்தா சூடாவும், அந்தச் சூட்ட ஃபேன் வெளிய தள்ளிரும். விட்டா பழைய உருவத்துக்கு வரும், வரும்போது பெட்டிக்குள்ள இருக்க சூட்ட உறிஞ்சிரும். எத்தன தடவ சொல்லுதது? உங்க மண்டைக்குள்ளயும் கேஸ்தான் இருக்கு.

— வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. பிஎச்டி வைவாவுல என்ன சொன்னானுவ? சிரிச்சானுவளா?

— இருபத்தொம்பது டிகிரியில ஆரம்பிச்சு, முக்கா மணி நேரத்துல இருபத்தொண்ணு. கைதட்டுனாங்க. இன்னையில இருந்து நம்ம வீட்டுல நெசமாவே ஒரு டாக்டர் இருக்கா.

— இருபத்தொண்ணு! குத்தாலத்துல சும்மா சட்டையக் கழத்திட்டு நின்னாலே அவ்வளவு குளுரும்.

— பொறாமையில பேசுதிய.

— பொறாமையா? உன் கம்பி குளுத்துச்சுன்னா நினைக்க?

— பின்ன யாரு குளுத்தா?

— நான். காலையில நீ சேல மாத்தப் போனப்ப அடித்தட்டக் கழத்தி ரெண்டு ஐஸ் பாக்கெட்ட சொருகுனேன். தொழில்ல உள்ளதுதான். ரிப்பேர் சரியாவலன்னா, பார்ட்டி வாரதுக்கு முன்னால ஐஸ வச்சு குளுரக் காட்டிருவோம்.

— எதுக்கு வச்சிய?

— அத்தன பேரு முன்னால நீ அசிங்கப்பட்டு நின்னா எனக்கு ஆவாது. உன்னய நான் திட்டுவேன், அவனுவ யாரு சிரிக்கதுக்கு? இப்பவாவது ஒத்துக்க. இந்த கேஸ் மண்டையன் இல்லன்னா இன்னைக்கு நீ டாக்டரா?

— வைவா எடுக்க வந்த புரொபசர் முதல்ல அந்த அடித்தட்டத்தான் கழத்துனாரு. ரெண்டு பாக்கெட்டையும் எடுத்து மேசையில வச்சு, ‘இது யாரு வேலைம்மா?’ன்னாரு. எனக்குத் தெரியாதுன்னு அழுதேன், ஒருத்தரும் நம்பல. ஒரு மணி நேரம் பெட்டியத் தொறந்து போட்டு, சூடு ஏறுன பெறவு, ‘இப்ப ஓட்டு’ன்னாரு. கம்பி குளுத்து முடிக்கும்போது உங்க ஐஸ் மேசையில தண்ணியா ஓடிக்கிட்டு இருந்துச்சு. வண்டிய நிறுத்துங்க, நான் பஸ்ல வாறேன்.