நம்பர் தெரியாத வெள்ளைக் கார்

— …வெள்ளைன்னா ஊர்ல பாதி வண்டி வெள்ளைதான். அதை விடு. சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தரியா, நானே போட்டுக்கட்டுமா?

— தரேன். லீவு நாள்ல இஸ்திரிச் சட்டை எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.

— டயர் கடைக்காரரோட ஒரு வேலை. போயிட்டு வந்துடுவேன்.

— பெட்டி சூடாகிற வரைக்கும் இப்படி உட்காருங்க. இந்த போன்ல நாலு வண்டி பார்த்துச் சொல்லுங்க.

— உனக்கு இது வியாதியாவே ஆயிடுச்சு. எழுந்ததும் பழைய கார் விளம்பரம், படுக்கப் போறப்பவும் பழைய கார் விளம்பரம். கார் வாங்கப் போறீங்களாமேன்னு எதிர் வீட்டு நர்ஸ் என்னை வழியில நிறுத்திக் கேட்கிறா.

— அவதான் இதைப் பண்ணிக் கொடுத்தா. நம்ம பிள்ளை குண்டு எடுத்துட்டுப் போனானே, அதே மாதிரி வண்டி, அதே கலர், யார் விக்கப் போட்டாலும் போன்ல மணி அடிக்கும்.

— அடிச்சா?

— எடுத்துப் பார்ப்பேன். நம்மது இல்லைன்னா மூடி வெச்சுட்டு என் வேலையைப் பார்ப்பேன். அதை அவன் விக்காத வரைக்கும் பெரிய கஷ்டமில்லாம இருக்கான்னு அர்த்தம். நம்பரை மாத்திட்டான், வீட்டை மாத்திட்டான். பெத்தவளுக்கு அவனைப் பத்தித் தெரிஞ்சுக்க இதை விட்டா வேற என்ன இருக்கு, சொல்லுங்க?

— காட்டு, பார்க்கறேன்.

— இந்த ஜனங்க நம்பரை மறைச்சுல்ல போடறாங்க. அதுதான் என் உயிரை வாங்குது. இதைப் பாருங்க, கட்டை விரலை வெச்சு மறைச்சிருக்கான். வண்டியை விட விரல்தான் பெருசா இருக்கு. இதுல பூந்தொட்டி. இதுல பாருங்க, பெத்த பிள்ளையையே முன்னாடி நிறுத்தி வெச்சிருக்கான். அது வேற அழுதுட்டு நிக்குது.

— எல்லாம் பயம்தான். படத்தைப் பார்த்து அதே நம்பரைத் திருட்டு வண்டியில எழுதி ஓட்டறவன் இருக்கான். லாரி எடை போடற என் எடைமேடைக்கே வந்திருக்கு. ஒரே நம்பர், ரெண்டு லாரி. ஒண்ணு சரளைக்கல், ஒண்ணு உப்பு. ரெண்டு டிரைவரும் நான்தான் ஒரிஜினல்னு என் அறை வாசல்லயே சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

— நாள் பூரா வண்டி நம்பரா எழுதற மனுஷனுக்கு நம்பர் இல்லாத வண்டியைக் காட்டறேன் பாருங்க. சரி, இது?

— இது இல்லை. நம்மதுல இந்தக் கம்பி கிடையாது.

— இது?

— ஸ்டியரிங் உறை வேற. சட்டை சட்டை, நேரமாகுது.

— இருங்க, இது ஒண்ணுதான். தகரக் கொட்டகைக்குள்ள நிக்குதே, இது.

— தெரியலை. இருட்டா இருக்கு.

— இருட்டெல்லாம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. நம்பர் மேல துண்டைத் தொங்க விட்டிருக்கான். எவ்வளவு அழகா நாலு மூலையும் இழுத்து விட்டிருக்கான் பாருங்க, மேஜை விரிப்பு மாதிரி. நல்ல ஒழுங்கான ஆள் போல.

— யாரா இருந்தா நமக்கென்ன. பெட்டி காயுது பாரு, துணி கருகிடப் போகுது.

— துணி எதுவும் பெட்டிக்கு அடியில இல்லை. விக்கிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். "ஐயா, உங்க வண்டி நம்பர் என்ன"ன்னு. ஆம்பளை கேட்டா சொல்லுவார்.

— நான் எதுக்குக் கேட்கணும்? முன்பின் தெரியாதவன்கிட்ட…

— முன்பின் தெரியாதவரா? நம்ம கூடத்து ஜன்னல் திரையில மிஞ்சின துணி மாதிரி இல்லை, அந்தத் துண்டு?

— கடைக்காரன் நமக்கு மட்டுமா விக்கறான். ஊருக்கே ஒரே துணிதான்.

— துணி ஊருக்கே கிடைக்கும். ஓரத்தைப் பாருங்க. பாதி வரைக்கும் நீல நூல், அப்புறம் சிவப்பு. தைச்சிட்டிருக்கும்போதே நீல நூல் தீர்ந்து போச்சு. கடைக்குப் போக சோம்பல்பட்டு சிவப்பைப் போட்டு முடிச்சேன். உங்க சாப்பாட்டு டப்பாவைச் சுத்திக் கொடுத்து அனுப்பின துண்டுங்க அது. எங்கன்னு கேட்டதுக்கு எலி இழுத்துட்டுப் போச்சுன்னீங்க. எலி கார் விக்குதா இப்போ?

— …எப்போ பார்த்தே?

— அதை விடுங்க. நீங்களா சொல்லுவீங்க, நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னைக்கு இஸ்திரிச் சட்டை கேட்டதும் பொறுக்க முடியலை. வண்டி உங்க கையில எப்படி வந்துச்சு? அவன் எங்கே? மறைக்காம சொல்லுங்க… நல்லா இருக்கானா?

— இருக்கான். உயிரோட இருக்கான், முகத்தை அப்படி வெச்சுக்காதே. உட்காரு. பெட்டியை முதல்ல அணை.

— அணைச்சாச்சு.

— மழைக்காலத்துல ஒரு நாள். லாரி வரிசையா நிக்குது. அடுத்ததுன்னு கையைக் காட்டறேன், லாரி வரலை. மேடை மேல வந்து நிக்கறது நம்ம வண்டி.

— எடைமேடை மேலயா?

— ஆமா. என் ஜன்னலுக்கு நேரா. கம்ப்யூட்டர் திரையில எடை ஏறி நின்னுச்சு. கதவைத் திறந்துட்டு இறங்கினான். தாடி விட்டிருக்கான். நேரா வந்து ஜன்னல் கட்டையில சாவியை வெச்சான். "அப்பா, உங்க பொருள்ல இது ஒண்ணுதான் எங்கிட்ட பாக்கி இருந்துச்சு"ன்னான்.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— "வண்டியை மேடையிலேர்ந்து எடு, பின்னாடி லாரி நிக்குது"ன்னேன்.

— ஐயோ…

— தினம் அதையே சொல்ற வாய். அதுவா வந்துடுச்சு. நான் சொல்ல நினைச்சது அது இல்லை. லாரிக்காரனுங்க ஹாரனை அமுக்கறானுங்க. அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு மழையிலயே நடந்து போயிட்டான். கதவைத் திறந்துட்டு நான் வெளியே வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்.

— அவ கூட வரலையா? நம்ம… அவன் கட்டிக்கிட்ட அந்தப் பொண்ணு?

— அவன் மட்டும்தான்.

— உடம்பு எப்படி இருந்தான்? சாப்பிடறவன் மாதிரி இருந்தானா?

— அதைக் கேட்காதே.

— கேட்பேன்.

— …அவன் இறங்கினதும் திரையில எடை குறைஞ்சுச்சு. நான் பார்க்கணும்னு பார்க்கலை. கண்ணு தானா அங்கே போயிடும், பழக்கம். அறுபது கிலோ குறைஞ்சுது.

— அறுபதா? குண்டுவா? எண்பதுக்குக் கீழே அவன் இறங்கினதே இல்லையே.

— அழாதே. மேடை துல்லியமா காட்டாது. அஞ்சு பத்து முன்ன பின்ன இருக்கும்.

— லாரிக்காரங்ககிட்ட மட்டும் என் மேடை கிராம் தப்பாதுன்னு சொல்லுவீங்க. இவ்வளவையும் நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு எப்படிங்க என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டீங்க?

— நீ தினம் அந்த போனைப் பார்த்துட்டு, "இன்னைக்கும் விக்கலை, நல்லா இருக்கான்"னு ஒரு மூச்சு விடுவியே. அதை நான் எப்படிக் கெடுப்பேன்? டயர் கடைக்காரர் கொட்டகையில கொண்டு போய் நிறுத்தினேன். வாரத்துக்கு ஒரு தரம் போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வருவேன். உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

— அப்படி உட்கார்ந்தவருக்கு அதை விக்க எப்படி மனசு வந்துச்சு?

— விக்கவா போட்டேன்? அந்த விலையைப் பார்த்தியா? புது வண்டியே வாங்கிடலாம். போன் பண்ணினவன் எல்லாம் பைத்தியமான்னு கேட்டுட்டு வெச்சான்.

— பின்னே எதுக்கு?

— அவன் பார்ப்பான்னு போட்டேன். இந்த விளம்பரம் பார்க்கிற வியாதி உனக்கு முன்னாடி அவனுக்குத்தானே இருந்துச்சு. சாப்பிடும்போது கூட தட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பான். அவன் வண்டி அவனுக்குத் தெரியாதா? அப்பா விக்கறாரேன்னு கோபம் வரும், கோபத்துலயாவது ஒரு போன் போட்டுத் திட்டுவான்னு நினைச்சேன். அவன் நம்பர் எங்கிட்ட இல்லை. விளம்பரத்துல என் நம்பரைப் போட்டா நீ கண்டுபிடிச்சுடுவே. அதான் தனியா ஒரு நம்பர் வாங்கினேன்.

— நம்பர் பலகையை மட்டும் மூடினது?

— அதுவும் உனக்காக, நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. கையில வேற துணி இல்லை. டப்பாவைச் சுத்தின துண்டு இருந்துச்சு.

— நாலு மூலையும் இழுத்து வேற விட்டிருக்கீங்க.

— சிரிக்கறியா?

— சிரிக்கலைங்க. சரி, விக்கறதுக்கு இல்லைன்னா இன்னைக்கு எங்கே கிளம்பறீங்க?

— இன்னைக்கு விக்கறதுக்குத்தான். நிஜ விலையைச் சொல்லிட்டேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக்கறார். சாவியைக் கொடுத்துட்டா முடிஞ்சுது.

— இவ்வளவு நாள் வெச்சிருந்துட்டு இப்போ ஏன்?

— அவன் கூப்பிட்டுட்டான்.

— …யாரு?

— குண்டுதான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, அதான் சொல்லலை. அந்தத் தனி நம்பருக்கு ஒரு போன் வந்துச்சு. பேசலை. மூச்சு விடற சத்தம் மட்டும்தான். வாங்க வர்றவன் மூச்சு விட்டுட்டா இருப்பான்? விலையைக் கேட்க மாட்டான்? எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— நீங்க…

— இரு, சொல்லிடறேன். நிறுத்தினா அப்புறம் வராது. இந்தத் தடவை லாரி, மேடைன்னு உளறலை. மனசுல இருந்ததை எல்லாம் கொட்டிட்டேன். நான் அப்படிப் பேசினதே இல்லை, என் அப்பாகிட்ட கூட இல்லை. அழுதுட்டேன்னு வெச்சுக்கோயேன். எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம வெச்சுட்டான். திரும்பக் கூப்பிட்டேன், ஒரு பொண்ணு எடுத்து "ராங் நம்பர்"னு சொல்லிட்டு வெச்சா. அவன் பொண்டாட்டிதான். குரல்ல கோபம் கூட இல்லை. யாரோ எவரோன்னு பேசற மாதிரி.

— கொஞ்சம் நான் சொல்றதை…

— என்னத்தைச் சொல்லப் போறே? பொறுத்துப் போங்கன்னா? கெஞ்சறதுக்கு முன்னாடின்னா ஒரு நம்பிக்கை இருந்துச்சு. நாம இறங்கிப் போகலை, அதான் அவன் வரலைன்னு. இறங்கியும் போயாச்சு. அவனுக்கு நாம வேண்டாம். அது தெரிஞ்சப்புறம் அந்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழறதுல என்ன இருக்கு? சட்டையைக் கொடு, கசங்கியே போட்டுக்கறேன். வாத்தியார் காத்திருப்பார்.

— சட்டை தர மாட்டேன். அன்னைக்கு போன்ல, "அவளையும் கூட்டிக்கிட்டு வாடா, வாசப்படி ஏறாதேன்னு சொன்ன வாயாலயே வாம்மான்னு சொல்றேன்"னு சொன்னீங்க. "அம்மாவைப் பார்க்கவாவது வா, நான் வேணும்னா அந்த நேரத்துக்கு வெளியே போயிடறேன்"னு சொன்னீங்க.

— இதெல்லாம்… உனக்கு எப்படித் தெரியும்? அவன் உங்கிட்ட பேசினானா?

— இல்லைங்க. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை கூட அவன் காதுல விழலை. துண்டைப் பார்த்ததும் நர்ஸோட போனை வாங்கிக் கூப்பிட்டேன். நீங்க திரும்பக் கூப்பிட்டப்போ ராங் நம்பர்னு சொன்னவ அந்த நர்ஸ்தான், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீங்க அழற சத்தம் கேட்டதும் எனக்குக் குரலே வரலை… ஒண்ணும் பேசாம போனை வெச்சது நான்தாங்க.