மண்சுவர்த் தேனீக்கள்

என் தோட்டத்துத் தேனீக்களைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வது எதுவும் சரியில்லை, ஐயா. நீங்கள் நகரிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாளைக் காலையில் மண்ணெண்ணெய் ஊற்றி என் தோட்டத்து மண்சுவரைக் கொளுத்தப் போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

போன வாரம் என் மனைவி தாட்சாயணியைக் கொட்டிக் கொன்றது அந்தச் சுவரில் குடியிருக்கும் தேனீக்கள் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவை பாவம். கூட்டமாக வாழ்வதில்லை, ஒவ்வொன்றும் சுவரில் தனக்கென்று ஒரு துளை வைத்திருக்கும். வயிற்றில் நீலப் பட்டைகள் இருக்கும். கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். கல்யாண ஜோடிகளை எடுக்கிற அதே கேமராவில் இவற்றைப் படம் எடுத்து, பட்டையையும் காலையும் பார்த்து இனம் பிரித்து வைத்திருக்கிறேன். உயிருள்ள தேனீ அசையாமல் நிற்காது. சோடாக்கடை ஐஸில் கொஞ்ச நேரம் வைத்தால் மரத்துப்போகும். படம் எடுத்து முடிப்பதற்குள் சூடு ஏறிப் பறந்துவிடும். ஒன்றைக்கூட நான் சாகவிட்டதில்லை.

எல்லைத் தகராறில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, நகரி ஆந்திராவுக்கு என்று தீர்ந்ததும், வீட்டை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தாள் தாட்சாயணி.

"எங்க அண்ணன் திருத்தணியில ஊடு பாத்துக்கினு கீறாரு. இந்தப் பூச்சிங்களோட என்னால இருக்க முடியாது. பயமா கீது."

பயத்துக்குக் காரணம் இருந்தது. மாசித் திருவிழாவில் ஒரு தேனீ கொட்டி, முகமெல்லாம் வீங்கி மூச்சடைத்துப் போனாள். புத்தூர் டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். இன்னொரு தடவை கொட்டினால் தாங்க மாட்டாள் என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இதற்கிடையில் வீட்டை வாங்க வந்தவர், மண்சுவரை இடித்துவிட்டுக் கல்சுவர் எழுப்பப்போகிறேன் என்றார். தாட்சாயணி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் சாயங்காலம் கனகாம்பரச் சரம் வாங்கி, வாழையிலையில் மடித்துக் கொண்டுபோனேன்.

"பூ வாங்கியாந்தீங்களா? இன்னிக்கு மழ பேயப்போவுது" என்று சிரித்தாள். பிறகு, "பூச்சி கீச்சி இருக்கப்போவுது, பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்துதான் கொண்டுவந்தேன் என்றேன். அது பொய்யில்லை.

"நீங்களே வெச்சி உடுங்க" என்று திரும்பி நின்றாள். சரத்தின் அடிப்பக்கம் கழுத்தில் படும்படி வைத்துவிட்டேன். ஐஸில் மரத்துப்போயிருந்த தேனீக்குச் சூடு ஏற அதிக நேரம் ஆகவில்லை.

அது மலையடிவாரத்தில் நான் பிடித்துவந்த, மரப்பொந்தில் கூட்டமாக அடை கட்டும் வேறு இனத் தேனீ. கொட்டினால் முள்ளைத் தோலிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போகும். என்னால் செத்தது அது ஒன்றுதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு. என் சுவரில் இருப்பவை முள்ளை விடுவதில்லை. அவள் கழுத்தில் முள் நிற்பது இந்தப் படத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள். சுவரைக் காப்பாற்ற இது போதும்.

மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட ஓடாமல் கேமராவை எடுக்கவா போனாய் என்று கேட்கிறீர்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஐயா. வெளிச்சம் போய்விட்டால் படம் விழாது.