‘ஆச்சு’ என்றொரு பதில்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நூலகர் சண்முகராஜ் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மலைத்தோட்டத்திலிருந்து இறங்கி முகம் கழுவியதும் கழுவாததுமாக வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘மறதி நோய்க்கு மனித உருவ இயந்திரம் துணையாகுமா?’ எனக்குத் தந்த தலைப்பு இது. ஆகும் என்று முழங்கவோ ஆகாது என்று முழங்கவோ என்னிடம் குரல் இல்லை. களைத்துப்போன ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன் அண்ணே, மைக் என் உயரத்துக்கு இறங்க மாட்டேன் என்கிறது.

நான் தங்கிப் படிப்பது என் பெரியப்பா வீட்டில். பெரியப்பா சுருளியாண்டி, மலையடிவார லோயர் கேம்பில் வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்தவர். இன்று அவருக்கு வாசல் எது, கொல்லை எது என்று தெரியவில்லை. பெரியம்மா முத்துப்பேச்சி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர். போனால்தான் அடுப்பெரியும், போனால் பெரியப்பா தனியே. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எத்தனை காலம் நிற்பார்? குழாயடியில் குடம் நிரம்பி வழிய, நின்றபடியே தூங்கினார் அவர்.

அப்போதுதான் கம்பத்துப் பொறியாளர் ருக்சானா அக்கா, தம் ஆய்வுக்காக ஒரு ரோபோவைக் கொண்டுவந்து வைத்தார். மாத்திரை நேரம் சொல்லும். கதவு திறந்தால் பெரியம்மாவின் போனுக்குத் தகவல் அனுப்பும். மதியம் ‘ஐயா, சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டு, பதிலையும் அனுப்பும். அதன் வெள்ளை உடம்பைப் பார்த்து, வெள்ளைச் சட்டை போட்ட மேலதிகாரி வந்துவிட்டார் என்றெண்ணி, “வாங்க ஓவர்சியர் ஐயா” என்று தோள் துண்டை இடுப்பில் கட்டினார் பெரியப்பா. நாங்கள் சிரித்தோம். பல மாதம் கழித்துச் சிரித்தோம்.

மலையில் போன் ஒலிக்கும்: ‘சாப்பிட்டாச்சு.’ பெரியம்மா நிம்மதியாக ஏலக்காய் பறிப்பார். ஆனால் பெரியப்பாவின் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. ஒருநாள் மயங்கி விழுந்தார். சோறே சரியாக உள்ளே போகவில்லை என்றார் டாக்டர். தட்டு தினமும் காலியாகத்தான் இருந்தது. எங்கள் கோழிகள் கொழுத்திருந்தன.

இயந்திரம் பொய் சொன்னதா? இல்லை. பெரியப்பா பொய் சொன்னாரா? அதுவும் இல்லை. பின் எங்கே பிசகு?

ருக்சானா அக்கா பதறி வந்தார். படுத்திருந்த பெரியப்பா, “வா ஆத்தா, சாப்பிட்டியா?” என்றார்.

“ஆச்சு பெரியப்பா” என்றார் அக்கா.

“நெசமாவா ஆத்தா? மொகம் வாடிக் கெடக்கே” என்றார் பெரியம்மா.

“இல்ல பெரியம்மா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“பெறகு ஆச்சுன்ன?”

“அவுக கேட்டாக, சொன்னேன்” என்ற அக்கா, சட்டென்று இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் மட்டும் வேறென்ன சொல்வீர்கள்? குடலைப் பசி திருகினாலும் ‘ஆச்சு’. பானையில் பருக்கை இல்லாவிட்டாலும் ‘ஆச்சு’. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர், இந்த மரியாதையை மறக்கவில்லை.

அக்கா கேள்வியை மாற்றினார். இப்போது அது, ‘வாங்க ஐயா, சாப்பிடலாம்’ என்கிறது. பெரியப்பாவோ தட்டை அதன் பக்கம் தள்ளி, “மொதல்ல நீங்க கை வைங்க ஓவர்சியர் ஐயா” என்று காத்திருக்கிறார். வந்தவர் உண்ணாமல் வீட்டுக்காரர் உண்பாரா? அதுவோ மின்சாரம் உண்பது. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டுமே என்று, “இனிமே நான் மலைக்கு வரல” என ஜீப்காரரிடம் நேற்றுச் சொல்லிவிட்டார் பெரியம்மா.

அவையோரே, மாத்திரையை அது நினைவூட்டட்டும். கதவைக் காக்கட்டும். கேட்டதையே கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்லட்டும். அலுப்பு எங்களுக்கு உண்டு, அதற்கு இல்லை. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் எதிரே உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்க ஒரு வாய் வேண்டும், ஒரு வயிறு வேண்டும், கொஞ்சம் பசி வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்திலும் அது கிடைக்காது. இந்தக் கூட்டத்தில் கிடைக்கும்.

மதியம் எனக்குப் பள்ளி. ஆளுக்கொரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவீர்களா? வந்தால் பெரியம்மா நாளைக்கே மலையேறுவார். பெரியப்பாவுக்கும் வருபவருக்கும் சேர்த்தே சோறாக்கி வைத்துவிட்டுப் போவார்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றியும் வணக்கமும். ஒரே ஒரு வேண்டுகோள்: எங்கள் வீட்டுக்கு வரும்போது தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.