பெல்ட்டுக்குப் பூசிய கறுப்பு

வண்டிக்கு ஃபேன் பெல்ட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, சார். பானெட்டைத் திறந்து, போல்ட்டைத் தளர்த்தி, பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டி, மறுபடி இறுக்கினால் முடிந்தது. மெக்கானிக் வேண்டாம், வீட்டு வாசலிலேயே செய்யலாம். நானும் வாசலில் வைத்துத்தான் செய்தேன்.

என் பெயர் கலீமுல்லா. ஊர் பேரணாம்பட்டு. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஃபினிஷிங் செக்‌ஷன் பார்க்கிறேன். தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, வெடிப்பு எது இருந்தாலும் மேலே கோட்டிங் கொடுத்து, வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது என் வேலை. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த விஷயத்துக்கு அது தேவைப்படுகிறது.

ஹஃப்ஸா என் தங்கை. அம்மா இறந்தபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, நிக்காஹ் செய்து வைத்தவன் நான். அவளுக்காகவே நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் கேட்கவில்லை, நானாகச் செய்தது. அதாவுல்லாவை மாப்பிள்ளையாக எடுத்ததற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டோடு இருக்கச் சம்மதித்தான். ஷூ கம்பெனியில் தோல் பார்த்து வாங்கும் வேலை. நல்ல பையன். எனக்கும் அவனுக்கும் ஒரு நாளும் வாய்த்தகராறு வந்ததில்லை.

அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. சாப்பிடும்போது சொன்னான். ஹஃப்ஸா என் தட்டில் கறியை வைத்துக்கொண்டே, "நீயும் வந்துரு அண்ணா. இங்க தனியா இன்னா பண்ணப் போற" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தங்கை வீட்டில் போய் ஒண்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை, அவளை விட்டுவிட்டு இருக்கவும் முடியாது.

அவனுடையது பழைய டீசல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்தும். பெங்களூர் போய் வாடகை வீடு பார்த்து வர வேண்டும், அதற்குள் மாட்டிக் கொடுங்கள் என்று புது பெல்ட் வாங்கி வந்து என்னிடம் தந்தான். அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பழையதைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு மடித்துப் பார்த்தேன். இடுக்கெல்லாம் வெடிப்பு. பக்கத்தில் புதியது கவர் பிரிக்காமல் கிடந்தது. நான் அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த வண்டியில் பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்கு உதவும் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அது நின்றால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சமதரையில் அறுந்தால் எப்படியாவது ஓரங்கட்டி நிறுத்திவிடலாம். வழியில் மாட்டிக்கொண்டு பேஜாராகி, பெங்களூரே வேண்டாம் என்று திரும்பி வருவான் என்று நினைத்தேன்.

அதாவுல்லாவும் தோல்காரன். கையில் எதைக் கொடுத்தாலும் மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, வெடிக்கிறதா என்று பார்ப்பான். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆகவே சாதாரண பெயிண்ட் உதவாது. மடித்தால் கூடவே வளைந்து கொடுக்கும் கறுப்புக் கோட்டிங்கை டேனரியிலிருந்து கொண்டுவந்து, பழைய பெல்ட்டின் வெடிப்புக்குள் இறங்கும்படி மெல்லப் பூசி, காயவைத்து, மறுபடி பூசினேன். நல்ல வேலை, சார். புது பெல்ட்டின் முதுகில் வெள்ளை எழுத்து இருக்கும், இதில் இல்லை. ஆனால் தோல்காரன் எழுத்தைப் பார்க்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, புதுசு என்று அதையே அவன் கண்ணெதிரே மாட்டினேன். அதற்குமுன் கையில் வாங்கினான். மடித்தான். அழுத்தினான்.

"மெத்துனு மடியுது மச்சான். நல்ல சரக்குதான்" என்று திருப்பிக் கொடுத்தான்.

அளவுக்கு ஜாஸ்தியாகவே இறுக்கினேன். இறுக்கினால் கத்தாது, சந்தேகம் வராது. சீக்கிரம் அறுந்தும் போகும்.

அவன் ஆம்பூர் போய் ஹைவே பிடிப்பதாக இருந்தான். "ஹைவேல லாரி ஜாஸ்தி. போறது வர்றது ரெண்டும் மலைப்பாதையிலயே வெச்சுக்க" என்றேன். பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திராவுக்கு ஏறுகிற அந்தப் பாதையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. சமதரை என்று சற்றுமுன் சொன்னேன் இல்லையா, எழுதியதிலிருந்து அந்த வரியை நீங்கள் அடித்துவிடலாம்.

மறுநாள் காலை அவன் மட்டும் போவதாக ஏற்பாடு. வண்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹஃப்ஸா புர்கா போட்டுக்கொண்டு டிஃபன் பாக்ஸோடு வெளியே வந்தாள்.

"நானும் போய் வீட்டப் பாத்துட்டு வந்துர்றேன் அண்ணா. சாயங்காலம் வந்து டீ போட்டுத் தர்றேன்."

முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஸ்பேனர் என் பாக்கெட்டில் இருந்தது. பீரோ சாவியும் இருந்தது. இரும்மா, பெல்ட்டை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னால் போதும். ஆனால் கழற்றினால் அதாவுல்லா பக்கத்தில் வந்து நிற்பான். நேத்துத்தானே மாட்டினீங்க மச்சான், அப்புறம் இது இன்னா புதுசு என்று கேட்பான். ஹஃப்ஸா என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன். போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது மலை இறக்கத்தில் அறுந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பாறையில் மோதியது. அதாவுல்லா கால் முறிவோடு பிழைத்தான். பெல்ட் புதுசு, மச்சான் என் முன்னாலதான் மாட்டினார், தப்பெல்லாம் நான் ஓட்டினதுலதான் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் உங்களிடம் அழுதானாம். அவன்மேல் கேஸ் போடாதீர்கள், அதற்காகத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். மேஜைமேல் இருக்கும் அந்த பெல்ட் துண்டை மடித்துப் பாருங்கள். அறுந்த இடத்தில்கூட கோட்டிங் உரியவில்லை.

கால் சரியானதும் அவன் பெங்களூர் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். ஹஃப்ஸாவை எங்கள் கபர்ஸ்தானில்தான் அடக்கம் செய்தோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சாயங்காலமானால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். என் தங்கை ஊரை விட்டுப் போகவில்லை, சார்.