எட்டாவது டேக்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, காவல் நிலையத்தில் இவ்வளவு உபசாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். நான் மெதுவாகப் பேசுகிறவன். எழுதிக்கொள்பவர் காதில் ஒரு சொல்கூட விழாமல் போகக் கூடாது.

என் அப்பா ஜவுளிக்கடைக்காரர். நான் சினிமா படித்தது அந்தக் கடையில்தான். "ஒண்ணும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தோம்" என்று துணி வாங்க வருகிறவர்களின் வாய் சொல்லும். கை மட்டும் நீலத் துணியை விடாது. அப்பா வாயைக் கவனிக்க மாட்டார், கையைத்தான் கவனிப்பார். பிற்பாடு நான் அதையே கேமராவுக்கு முன்னால் செய்தேன். என் படங்களில் யாரும் அலற மாட்டார்கள், அரிவாள் எடுக்க மாட்டார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்பார், அவ்வளவுதான். தியேட்டரில் இருப்பவன் மெல்லுவதை நிறுத்திவிடுவான்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டேக்குக்கு முன் ஒவ்வொரு நடிகர் கையிலும் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுப்பேன். வசனத்துக்கு அடியில் அந்தப் பாத்திரம் எதை மறைக்கிறது என்று அதில் இருக்கும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது. டேக் முடிந்ததும் நானே திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவேன்.

இப்போது எடுக்கும் படத்தில் ஒரு காலைக் காட்சி. மனைவி டீ கொண்டுவந்து வைக்கிறாள். "சர்க்கரை போட்டியா?" என்கிறான் கணவன். "போட்டேங்க" என்கிறாள். "நல்லா இருக்கு" என்கிறான். மூன்றே வரி. அவள் அவனைக் கொல்லப் போகிறாள் என்பது அதில் தெரிய வேண்டும். அது அவனுக்கும் தெரியும் என்பதும் தெரிய வேண்டும்.

தயாரிப்பாளர் பெரிய கெட்டிக்காரர். நிஜத்திலேயே கணவன் மனைவியான இருவரைப் பிடித்துப் போட்டார். ஒரே வண்டி, ஒரே அறை, அவருக்கு லாபம். எனக்கு ஏழு டேக். ஏழும் பிஸ்கட் விளம்பரம் மாதிரி வந்தன.

ஏழாவதற்குக் கணவரின் சீட்டில், 'கோப்பையில் விஷம் இருக்கிறது' என்றே எழுதினேன். படித்துவிட்டு மனிதர் சிரித்துவிட்டார்.

"சார், இவ குடுத்தா கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சுப் பழகிட்டேன். பதினாறு வருஷம். மூஞ்சி வேற மாதிரி போகமாட்டேங்குது."

யூனிட்டே சிரித்தது. 'சார் சீட்டு இனிமே செல்லாது போல' என்று ஒளிப்பதிவாளர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நானும் சிரித்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் நிதானமாக யோசித்தேன். குறை அவர்களிடம் இல்லை. அந்த அறையில் யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை. சரக்கே இல்லாத கடையில் உட்காரவைத்துப் பேரம் பேசு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? சரக்கை நான்தான் இறக்க வேண்டும்.

செட் சாமான் அறையில் எலிமருந்து இருந்தது. அட்டையில் போட்டிருந்ததை இரண்டு முறை படித்தேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. கோப்பையில் கலந்துவிட்டு அந்த அம்மாளைத் தனியே கூப்பிட்டேன்.

"தங்கச்சி, டீயில கொஞ்சம் கசப்பு மருந்து கலந்திருக்கேன். ஒண்ணும் பண்ணாது. அவர்கிட்ட மூச்சு விடாதே. குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தையே பாரு, போதும்."

"பாவம்ணே அவரு" என்றாள். பிறகு குறும்பாக, "சரி, சொல்லல."

அவர் சீட்டில் இப்படி எழுதினேன்: 'உன் மனைவி எதையோ மறைக்கிறாள். இது பாத்திரத்துக்கு இல்லை, உனக்கு.'

எட்டாவது டேக். கோப்பையை வைத்த அவள் விரல் அரை நொடி கூடுதலாக அங்கேயே நின்றது. அவர் விரலைப் பார்த்தார், பிறகு அவளை. பதினாறு வருஷத்தில் முதன்முறையாக அந்த மனிதர் தன் மனைவியிடம் நிஜமாகவே ஒரு கேள்வி கேட்டார்: "சர்க்கரை போட்டியா?" அவள் பதில் சொன்ன குரல் ஒரு நூல் இறங்கியது. அவளைப் பார்த்தபடியே முழுக்கக் குடித்து, "நல்லா இருக்கு" என்றார். குமட்டியிருக்கும். அவளுக்காகச் சொன்னார். ஒளிப்பதிவாளர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. கோப்பை காலியாகும் வரை நான் கட் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார். 'அண்ணன் கசப்பு மருந்து என்று சொன்னார்' என்று அவள் உங்களிடம் அழுதாள். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான், "கசப்பு மருந்தா?" என்றேன். அது பொய் இல்லை, வெறும் கேள்வி. மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொண்டீர்கள். நல்ல ரசிகர் நீங்கள்.

அவள் உள்ளே போய் நாலு நாள் ஆகிறது. நான் பாட்டுக்குப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, நேற்றுப் பத்திரிகைக்காரர்களிடம் 'அவள் முகமே சாட்சி' என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த முகம் அவளுடையது இல்லை, இன்ஸ்பெக்டர். அதைச் செய்தவன் நான். பத்திரிகையில் என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கலந்தது நான். தெரிந்தே கலந்தேன், அளந்தே கலந்தேன். அந்த அம்மாளை இன்றே விட்டுவிடுங்கள். ஒரு பாவமும் அறியாதவள் அடைபட்டுக் கிடப்பதை என் மனசு தாங்கவில்லை.

விடும்போது காரணத்தை மட்டும் நாளை மாலை வரை அவளிடம் சொல்லாதீர்கள். காலி நாற்காலியை அவள் பார்க்கிற ஷாட் ஒன்று பாக்கி. கேமராவை எங்கே வைப்பது என்று ஒளிப்பதிவாளருக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போலீஸ் தன்னை ஏன் விட்டது என்று அந்த இடத்தில் பாத்திரத்துக்கும் இன்னும் தெரியாது.